பக்கம் புரட்டுபவன்

ஒர்த்தான்ஸ் கெர்வெல்லா வாசிக்கையில்
அவளுக்கு இடப்பக்கம், அரையடி பின்னால்
கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தவன் நான்.
எந்தப் புகைப்படத்திலும் எனக்குப் பாதித் தோள்தான்.

அவள் வளர்ந்த ப்ரெஸ்த் துறைமுகத்தில்
குண்டு தின்ற தெருக்களில்
பலகை வீடுகள் முளைத்திருந்தன.
பாரந்தூக்கி ஓட்டிய அப்பா
இடிபாட்டிலிருந்து இழுத்து வந்த பியானோவில்
கடைசி ஏழு கட்டைகளுக்குக் குரல் இல்லை.
ஊமைக் கட்டைகளையும் விடாமல் அழுத்திப் பழகினாளாம்.
பாரிஸில், கன்சர்வேட்டரியில், முதல் நாள்
அவை உறுமியதும்
அடுப்பைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாளாம்.
ரயிலில் சொன்னாள் இதை, நகம் வெட்டிக்கொண்டே.

இருபத்திரண்டில் பரிசு. இசைத்தட்டுகள்.
வியன்னா, ஒசாகா,
பதினான்கு மாதம் ஒரு கல்யாணம்.
பிறகு லியோன்.
மூன்றாம் பகுதியின் நடுவில்
பூட்டிய வாசலில் சாவி தேடுவதுபோல்
விரல்கள் நின்றுவிட்டன.
ஓர் இருமல்கூட இல்லாத அரங்கம்.
எழுந்தாள், மூடியைச் சாத்தினாள்,
கோட்டை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

இரங்கல் குறிப்பு எழுதுகிறவர்கள்
லியோனைப் பற்றியே கேட்கிறார்கள் என்னிடம்.
நான் அப்போது அங்கே இல்லை.

நான்கு வருடம் பாலே வகுப்பில்
சிறுமிகளின் குதிகாலுக்கு வாசித்தாள்.
மேடைக்குத் திரும்பியபோது
தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்றாள்.
'பாடம் படிக்கிறார்' என்று எழுதியது ஒரு பத்திரிகை.
அவளுடைய மறதியில் பிறந்தது
என் சம்பளம்.

ஒரு நூலளவு தலையசைப்பாள்.
எழுவேன், மேல் மூலையைப் பிடிப்பேன்,
புரட்டுவேன், உட்காருவேன்.
பதினோரு வருடம்.
அவள் வாயில் கரையும் யூக்கலிப்டஸ் மிட்டாயும்
அடித்தொண்டை முனகலும்
என் இருக்கைவரைதான் எட்டும்.

பெசான்சோனில், பனி கொட்டிய இரவொன்றில்
விரல் மரத்துப்போய்
இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன்.
அவள் கண்கள் தப்பான பக்கத்தில்.
கைகளோ, நான் தாண்டவைத்த பக்கத்தை
ஒரு சுரம் பிசகாமல்
வாசித்துக்கொண்டிருந்தன.
உரிய இடம் வந்தது. தலையசைத்தாள்.
எழுந்தேன். புரட்ட ஒன்றுமில்லை.
காற்றில் ஒரு மூலையைப் பிடித்து
வலமிருந்து இடமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.

ஒப்பனை அறையில் உறையை நீட்டினாள்.
வெளியே வந்து எண்ணினேன்,
ஒரு பிராங்க் குறையவில்லை.
கதவுக்குப் பின்னாலிருந்து குரல்:
'வியாழக்கிழமை தூலூஸ்.
ரயில் ஆறு நாற்பதுக்கு.
கையுறை வாங்கிக்கொள்.'