இடைவிடாது இருந்துவந்த கம்பனி

நீதிமன்ற ஆணையின் மூன்றாம் பத்தி சொல்கிறது:
இந்தக் கம்பனி ஒருநாளும் நீக்கப்படாதது போல
இடைவிடாது இருந்துவந்ததாகக் கருதப்படும்.

சுவிண்டனில் பதினாலு வீடும் ஒரு புல்வெளியும்
நிலத்துக்குக் கீழே ஒரு பம்பும் உள்ள ஒழுங்கை எங்களுடையது.
இரவுவேலை முடிந்து வந்து
சப்பாத்துக் கழற்றாமல் நின்றபடி வாசித்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன் செத்தது அது.
வருடக் கணக்கைப் பதிய யாருக்கோ மறந்துபோக
பதிவேட்டில் பெயரை அடித்தார்கள்.
புல்வெளி அரசிக்குப் போயிற்று.
அரசி காலமாக, அரசருக்குப் போயிற்று.
இரண்டு பேருமே வந்து புல் வெட்டவில்லை.

வெட்டியது ஏழாம் இலக்கத்து டெரெக் பம்ஃப்ரி.
சனிக்கிழமை பத்தரைக்குத்தான் மெஷினைத் தொடுவார்,
நான் இரவுவேலைக்காரன் என்று தெரியும்.
பம்ப் இரைந்தால் வந்து கதவைத் தட்டுவார்.
இரும்பு மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.
பதினாலு குடும்பத்துக் கழிவை எட்டிப் பார்த்தபடி
மழைக்குள் நின்று கிரிக்கெட் பேசியிருக்கிறோம்.
எந்தப் பத்திரமும் அதை எங்களிடம் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறது.
ஃபியோனா தன் வீட்டை விற்கப் போக
வாங்க வந்தவரின் சொலிசிட்டர் கேட்டாராம்,
பாதை யாருடையது?
அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம்.

கடிதத்தோடு ஒன்பது பக்கம் விதிகள்.
உயிர்வேலி ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது.
என்னுடையது என் மகளைவிட உயரம்.
முன்கதவு கரும்பச்சை; நாங்கள் மஞ்சள் அடித்து நாலு வருடம்.
வேன் நிறுத்தக் கூடாது என்றால்
வோய்டெக் தன் பிழைப்பை எங்கே நிறுத்துவான்?
சந்தா வருடத்துக்கு நூற்றெண்பது பவுண்,
நிலுவை, சலுகையாக ஆறு வருடத்துக்கு மட்டும்.
யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்.
எங்கள் யானைக்கு மேலே எண்பது.

ஃபியோனாவின் கராஜில் கூட்டம்.
நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றான் வோய்டெக்.
போட்டிருக்கிறாய், வாங்கிய அன்றே,
என்று அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.
எனதும் இருந்தது, நீல மையில், அவசரமாக.
அன்றைக்கு என் கண் முழுக்கச் சாவியில்.

பிறகு பதிவேட்டின் பிரதியை வாசித்தாள்.
இயக்குநர்: டி. பம்ஃப்ரி.
செயலாளர்: டி. பம்ஃப்ரி.
கணக்குப் பதிய வேண்டியவர்: அவரே.

டெரெக் போன மாசி வந்தால் இரண்டு வருடம்.
யாரோ சிரிக்கத் தொடங்கி விட்டுவிட்டார்கள்.
ஒன்பது கோடை. பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காத மனிதர்.
முதுகைப் பிடித்துக்கொண்டு
ஓரத்துப் புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கியவர்.
நானோ அவருக்குப் புல்லில் பைத்தியம் என்று நினைத்திருந்தேன்.

இறந்தவரை விலக்கவும் ஒரு படிவம் உண்டாம்.
அதை நிரப்ப உயிருள்ள இயக்குநர் ஒருவர் வேண்டுமாம்.
கராஜில் எல்லோரும் தங்கள் தேநீரைப் பார்த்தார்கள்.

சரி, அந்த மூடி எங்கே இருக்கிறது,
அதாவது யாருக்காவது தெரியுமா? என்றாள் ஃபியோனா.
தெரியும் என்று கை தூக்கினேன்.
அவள் என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.