வலப்பக்க விளக்கு

பக்கிர் மைதீனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.
முப்பத்தாறாம் வருஷத்து மோரிஸ் எட்டின்
முன்விளக்கு.
அவர் வண்டி கூத்தாநல்லூரில், சக்கரமில்லாமல்
செங்கல் மேல் நிற்கிறது.
என் வண்டி வலங்கைமானில், வெடிக்கடைக்குப் பின்னால்.
சக்கரம் உண்டு. என்ஜினைத்தான்
எழுபத்து நாலு வறட்சியில்
யாரோ இறவைக்குக் கழற்றிப் போய்விட்டார்கள்.

அது கிடைத்துவிட்டது.
வெண்ணாற்றங்கரைப் பம்ப் கொட்டகையில்
மண்ணெண்ணெய் தொட்டு நம்பரைத் தேய்த்தபோது
ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது.
கடைசி எண் ஏழா ஒன்றா என்று
மூச்சை அடக்கிப் பார்த்தேன். ஏழு.
என் முகம் காட்டிக்கொடுத்ததில்
சொன்ன விலை அங்கேயே இரட்டித்தது.

பேரளத்தில் ஒரு மட்கார்டு
கோழிகளுக்குக் கூரையாக இருந்தது.
கோழிகளுக்கு வேறு கூரை போட்டுக்கொடுத்து எடுத்துவந்தேன்.
கொரடாச்சேரி இரும்புக்கடையில்
டைனமோவைக் கிலோவுக்கு நிறுத்தான்,
பித்தளை மூடியைத் தனியாக நிறுத்தான்,
அதில் கூடுகட்டிய குளவிக்குக் காசு வாங்கவில்லை.

விளக்கு மட்டும் நகரவில்லை.
தீபாவளிக்கு நான் கூப்பிடுவேன், ரம்ஜானுக்கு அவர்.
பிள்ளைகள் படிப்பு, முறைத்தண்ணீர், முழங்கால் வலி
எல்லாம் கேட்டு முடித்து
கொஞ்சம் இருமிவிட்டு,
"அப்போ அதை என்ன செய்றதா உத்தேசம்?"
அது என்றால் அதுதான்.
நான் ஐயாயிரம் ஏற்றினால் அவர் ஆறு ஏற்றுவார்.
இருவரும் வாங்குவோம். இருவரும் விற்கமாட்டோம்.
இப்படிப் பத்தொன்பது வருஷம்.

இந்த மாசியில் சம்மதித்தார்.
நீடாமங்கலம் ரயில்வே கேட், மாரியப்பன் டீக்கடை.
காசு சுண்டித் தோற்றவர் கொடுத்துவிடவேண்டும்.
கேட் சாத்தியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
அவர் பச்சைத் துண்டை அவிழ்த்தார்,
நான் மஞ்சள் பையை.

காசைச் சுண்டுமுன்
இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தோம், பழக்கதோஷம்.

அந்தக் கால மோரிஸில் ஒரு ஏற்பாடு.
எதிரே வண்டி வந்தால்
வலது கண் அணைந்துவிடும்.
இடது கண் அணையாது, தாழும்.
உள்ளே சின்னதாய் ஒரு காந்தம்
கண்ணாடிக் கிண்ணத்தைத் தரைநோக்கி இழுக்கும்.
அவர் விளக்குக்குள் விரலை விட்டேன்.
காந்தம் இல்லை. இருந்த தடமும் இல்லை.
என்னுடையதற்குள் அவர் விட்டார்.

கூட்ஸின் கடைசிப் பெட்டி போய்விட்டது.

"ரெண்டும் வலதா?" என்றார்.
"வலங்கைமான்காரனுக்கு வேற என்ன கிடைக்கும்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பத்தொன்பது வருஷமாய்
இரண்டு பேர் ஒரே கையை நீட்டியிருக்கிறோம்.
அணையத் தெரிந்த விளக்கு இரண்டு,
தாழத் தெரிந்தது ஒன்றுகூட இல்லை.
மாரியப்பன் எட்டிப்பார்த்து,
"என்னண்ணே, கோயிலுக்கு உபயமா?" என்றான்.
டீக்குக் காசு கொடுக்க இருவரும் பாய்ந்தோம்.
அதிலும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.
அவன் இரண்டு பேரிடமும் வாங்கிக்கொண்டான்.

"இடது எங்கயாச்சும் இருக்கறதாக் காதுல விழுந்தா..."
"சொல்றேன்" என்றேன்.
"நானும்" என்றார்.

மறு செவ்வாய்.
திருக்காட்டுப்பள்ளியில் சைக்கிள் கடை உத்திராபதியிடம்
ஒரு பழைய விளக்கு, உள்ளே ஏதோ கம்பிச்சுருள்,
ஆட்டினால் கிண்ணம் குனிகிறது
என்று தகவல்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில்
ஓடிப்போய் ஏறினேன்.
மூன்றாவது சீட்டில்
தலையில் பச்சைத் துண்டு.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு நகர்ந்து இடம் விட்டார்.
"எங்க, இவ்வளவு தூரம்?"
"ஒரு கல்யாணம். நீங்க?"
"நானும் கல்யாணந்தான்."

புது ஆற்றுப் பாலத்தில் பஸ் தூக்கிப்போட்டது.
அவர் மடியிலும் என் மடியிலும்
ஸ்பானர்கள் பேசிக்கொண்டன.