சேத மதிப்பீடு

கோரிக்கை எண் நாலாயிரத்து முப்பத்தேழு.
பிரகான்சாவுக்கு வடக்கே மலைச்சரிவில்
கருங்கல் வீடு, மூன்று அறை.
பாலிசிதாரர் லியோனில்டே மொராய்ஸ், ஐம்பத்திரண்டு வயது,
கீழ்த்தெருவில் மருந்துக்கடை.

எரிந்தது ஓர் அலமாரி.
உள்ளே நான்கு கம்பளி, ஒரு மேசைவிரிப்பு.
கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த
புனித அந்தோணியார் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதுக் கரி விரலோடு வந்துவிட்டது.
அதனடியில் இன்னொரு கரி,
துடைக்கத் துடைக்க வராதது,
மரத்தோடு மரமாகிப்போனது,
மேல்தட்டின் அடியில் ஒரு வட்டம்.

‘இது எப்போது எரிந்தது?’
‘எரியவில்லை.’
‘பிறகு?’
‘வெள்ளிக்கிழமை’ என்றார்.

படிவத்தில் தேதிக்குக் கட்டம் உண்டு.
கிழமைக்கு இல்லை.

காபி ஊற்றிக்கொண்டே சொன்னார்:
விளக்கை இந்த வீட்டில் அலமாரிக்குள்தான் ஏற்றுவது.
ஏற்றியதும் கதவைச் சாத்திவிடுவது.
பிரார்த்தனை முழுக்கப் போர்த்துகீசு மொழியில்,
ஒரே ஒரு சொல் தவிர.
அந்தச் சொல்லை
இருமல் போல உள்ளங்கைக்குள் சொன்னார்:
அதோனாய்.

போன வசந்தத்தில் ஒரு பேருந்து வந்ததாம்.
ஜெருசலேமிலிருந்து ஒருவர், நல்ல மனிதர்,
வெள்ளி விளக்குத்தண்டு இரண்டு கொடுத்து
‘ஜன்னலில் வையுங்கள், இனி யார் கேட்பார்?’ என்றாராம்.
கூட வந்த பெண்கள் அழுதார்களாம்.
படம் எடுத்துக்கொண்டார்களாம்.

‘மூன்று வாரம் ஜன்னலில் வைத்தேன்.
தெருவே பார்த்தது.
பிரார்த்தனைதான் வரவில்லை.
வழிமறந்த ஆடு மாதிரி நின்றேன்.’

நாலாம் வாரம் தண்டுகளை எடுத்து
அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.
பழைய மண் அகல் இரண்டு விரல் உயரம்.
வெள்ளித்தண்டு ஒரு முழம்.
அவ்வளவுதான் விபத்து.

நான் எழுதுவதை நிறுத்தினேன்.
சில நூறு ஆண்டுக்கு முன்
என்னைப் போல் ஒருவன் இந்த மலை ஏறியிருப்பான்,
கையில் பேரேடு.
சனிக்கிழமை எந்தப் புகைபோக்கி
புகையாமல் நிற்கிறது என்று எண்ணியிருப்பான்.
புகை இல்லாததை அவன் எழுதினான்.
நான் புகையை எழுதுகிறேன்.
இருவருக்கும் பயணப்படி உண்டு.

அடுப்புக்கு மேல் கொடியில்
அல்யெய்ரா தொங்கியது, கொழுத்த குடல்சரம்.
ரொட்டியும் கோழியும் திணித்து,
பன்றி என்று பக்கத்து வீடு நம்பட்டும் என்று
ஒரு காலத்தில் தொங்கவிட்டதாம்.
‘இப்போது சந்தையில் வாங்கினால்
நிஜமாகவே பன்றி போடுகிறார்கள், ருசிக்கு.’
சிரித்ததில் அவருக்கே இருமல் வந்தது,
இது வெறும் இருமல்.

கிளம்புமுன் தரையில் கொட்டிக்கிடந்த சாம்பலைப் பார்த்து
மனசு கேட்காமல் துடைப்பத்தை எடுத்தேன்.
வாசலிலிருந்து உள்நோக்கிப் பெருக்கி
அறை நடுவில் குவித்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.
‘இப்படிப் பெருக்க யார் பழக்கினார்கள்?’
‘எங்கள் வீட்டில் இப்படித்தான்.
வாசல் பக்கம் தள்ளினால் ஆகாது.’
‘ஏன் ஆகாது?’
நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக
அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.
பெருக்கும் எல்லோரும்
இப்படித்தான் பெருக்குகிறார்கள் என்றல்லவா இருந்தேன்.

‘உங்கள் அம்மாவின் ஊர்?’
சொன்னேன். அடுத்த பள்ளத்தாக்கு.
தலையாட்டினார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.
கொடியிலிருந்து ஒரு சரம் அறுத்து
இரண்டு தட்டு வைத்தார்.

காரில் உட்கார்ந்து படிவத்தை முடித்தேன்.
சேதம்: அலமாரி ஒன்று, துணிகள்.
பழைய கரி: பொருட்படுத்தத் தக்கதல்ல.
காரணம்: மின்கசிவு.

அந்த அறையில் மின்கம்பியே கிடையாது.
மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது?
இன்று புதன்.
இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.