இரண்டாவது கோடு

யே.
யாரையோ கூப்பிட்டுவிட்டுச் சொல்லவந்ததை மறந்தது போல
ஓர் ஊர்ப்பெயர்.
மழை விடுகிற மாதத்தில் ரப்பர் தோட்டங்கள்
எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நடுங்கும்.

சடையப்பன் மூன்றாம் தடவை வந்திருந்தார்.
அடையாள அட்டையில் அவர் கோ டின் வின்.
மி சான் குத்திப் பார்த்த கிட்டைக்
கைக்குட்டையில் சுற்றி
விபூதிப் பொட்டலம் போல நீட்டினார்.
அழுத்தமாய் ஒரு கோடு. பக்கத்தில்
வெளிறிப்போய் இன்னொன்று.
"மாத்திரை பூரா முழுங்கியாச்சு.
பதினெட்டு நாளாச்சு. காய்ச்சலும் இல்ல.
இது மட்டும் ஏன் போகல?"

தடித்த பூச்சு ஒன்று, மெல்லியது ஒன்று.
காயவைத்து, ஜீம்சா ஊற்றிக் கழுவுவதற்குள்
கரண்ட் போனது.
அடிக்கண்ணாடியைத் திருப்பி
ஜன்னல் வெயிலை லென்ஸுக்குள் ஏற்றினேன்.
நூறு வட்டம்.
வெள்ளையணு இருந்தது. சாயத்தூள் இருந்தது
(வேலைக்குச் சேர்ந்த வருஷம் அதைக் கிருமி என்று எழுதித்
திட்டு வாங்கியிருக்கிறேன்).
சிவப்புக்கல் ஒன்று பதித்த
அந்த நூல்மோதிரம் இல்லை.
இருநூறு வட்டம். இல்லை.

கிட் பொய் சொல்லவில்லை.
அது கிருமியைப் பார்ப்பதே கிடையாது,
கிருமி ரத்தத்தில் சிந்திய புரதத்தைத் தடவிப் பார்க்கிறது.
பர்மியர் மலேரியாவை ங்ஹெட்-ப்யா என்பார்கள்,
எழுதினால் அதற்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும்.
பறவை செத்த பிறகும்
சில வாரம் கிளையில் சுள்ளிக்கூடு இருக்கும்.
கிட் கண்டது கூட்டை.

இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான்
மி சானுக்குப் போனில் சொன்னேன்.
"அக்கா, உங்க மைக்ராஸ்கோப்
என் பைக்கில் பின்னால் உட்காருமா?" என்றாள்.
அன்று காலை ஓடைக்கு அந்தப் பக்கம்
பதினைந்தே நிமிஷத்தில் ஒரு பிள்ளைக்கு
முதல் வேளை மருந்து கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.
அந்த ஸ்லைடு என் மேசைக்கு வர மூன்று நாளாகியிருக்கும்.
வெயிலில் வெந்து
ஒரு பெட்டி கிட் மொத்தமும் ஊமையான கதையை
அவள் எடுக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

நவம்பரில் எனக்கே வந்தது.
இங்கே ஸ்லைடு படிக்க ஆள் நான் ஒருத்திதான்.
1147 என்று எண் போட்டு
என் ரத்தத்தை நானே பார்த்தேன்.
வட்டம் ஆடியது.
முப்பத்தொன்றாவதில் ஒரு மோதிரம்,
திருகைத் தொட்டால் காணோம்,
கையை எடுத்தால் இருப்பது போல.
லென்ஸுக்குக் காய்ச்சல் இல்லை.
கண்ணுக்கு இருந்தது.

அலமாரியிலிருந்து ஒரு கிட் உறையைக் கிழித்தேன்.
ரத்தம். பிறகு திரவம், சொட்டுச் சொட்டாய்.
வராந்தா பெஞ்சில், கடைசி ஆளாக,
போர்வைக்குள்ளே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.
இரண்டாவது கோடு வந்தபோது
வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.
எத்தனை என்று அது சொல்லவில்லை.
நான் கேட்கிற நிலையிலும் இல்லை.

நடுக்கம் விட்ட மூன்றாம் நாள்
கஞ்சி குடித்துவிட்டு
அதே ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன்.
இருநூறு வெள்ளையணுவுக்கு நாற்பத்தொன்று
என்று பதிவேட்டில் எழுதினேன்.
முப்பத்தொன்றாம் வட்டத்துக்கு மட்டும்
இன்னொரு தடவை போய் வந்தேன்.
திருகிப் பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.