தலைப்பு இல்லாமல் வந்தது

மெலின்கா நூலக ஜன்னலில்
படகுத்துறையைப் பார்த்தபடி ஒரு திரை வைத்தோம்.
நடுக்கடலில் இணையம் எட்டாது.
செயற்கைக்கோள் வழியே மின்னஞ்சல் மட்டும்
ஈரக் கயிற்றில் வாளி ஏறுகிற வேகத்தில் வந்து சேரும்.
ஆகவே ரகசிய முகவரி ஒன்று உண்டாக்கினேன்,
அர்த்தமற்ற பதினாறு எழுத்து.
அதற்கு எது வந்தாலும்
கேள்வி கேட்காமல் காட்டிவிடும் திரை.

நண்டுப் படகுகளில் நானே ஏறிச் சொல்லிக்கொடுத்தேன்:
பொருள் என்ற கட்டத்தில் எழுதுவதுதான் தலைப்பு.
படம் வேண்டாம், கனம் தாங்காது.
அடியில் தானாக ஒட்டும் கையெழுத்தை எடுத்துவிடுங்கள்,
எது சேதி எது வால் என்று அதற்குத் தெரியாது.
யாருக்குப் போகிறது என்று
ஒருமுறை பாருங்கள் என்பதை மட்டும்
சொல்ல விட்டுப்போயிற்று.

ரோசமெல் வாரத்துக்கு ஒன்று அனுப்புவான்.
வடமேற்குக் காற்று. நாற்பது பெட்டி.
நேரிலும் அவ்வளவுதான் அவன் பேச்சு.

ஜூலையில் ஒரு விடியல்.
சாவியோடு வருகிறேன்,
ஜன்னல் முன்னே மழைக்கோட்டு போட்ட ஆறு முதுகுகள்.
திரையில் 'தலைப்பு இல்லை'.
அதன் கீழே:

எர்சிரா,
மோட்டாரை அணைத்தால் நீ இருமுவது கேட்கிறது.
சிவப்பு டப்பாவில் இருந்த பணத்தை எடுத்தவன் நான்.
உன் தம்பி இல்லை.
ஏழு வருடமாக நம் மேசையில் அவனுக்கு நாற்காலி இல்லை.
கரையில் இருக்கும்போது சொல்ல
வாய் வரவில்லை.

உள்ளே ஓடி, அழிக்கும் பொத்தானில் விரல் வைத்தேன்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, தெரியும்.
இருந்தும் விரல் அங்கேயே இருந்தது,
கதவு திறக்கும்வரை.

எர்சிரா என்று நினைத்தேன்.
ஃபவுஸ்டினோ.
ஐஸ் ஆலையிலிருந்து நேராக வந்திருந்தான்,
பூட்ஸில் செதில்.
திரையைப் பின்பக்கமிருந்து பார்த்தான்,
பிறகு வெளியே போய் முன்பக்கமிருந்து.
இரண்டு முறை, உதடு அசைய.
திரும்பி வந்து கேட்டது ஒன்றே ஒன்று:
"காகிதத்தில் எடுக்க எவ்வளவு?"

ஐம்பது பெசோ.
நான் வேண்டாம் என்றேன்.
அவன் நாணயத்தை மேசையில் வைத்தான்.
காகிதத்தை நான்காக மடித்துத்
தொப்பிக்குள் செருகிக்கொண்டான்.
அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை,
ஆலைக்கே திரும்பிப் போனான்.

எர்சிரா மத்தியானம் வந்தாள்.
"அதை எடுக்காதே" என்றாள்,
இருமிவிட்டு, "ஞாயிறுவரை" என்றாள்.

ரோசமெலுக்கு எழுதினேன்:
முகவரி மாறிவிட்டது. எல்லோரும் படித்தார்கள்.
நான்கு நாள் பதில் இல்லை.
அதற்குள் ஒரு பூட்டுப் போட்டேன்,
இனி எது வந்தாலும் நான் பார்த்த பிறகே வெளியே.

ஐந்தாம் நாள் வந்தது.
வடமேற்குக் காற்று. முப்பத்தொரு பெட்டி.
எடுக்கச் சொன்ன கையெழுத்து அப்படியே அடியில்.
பொருள் கட்டத்தில் மட்டும்
இதுவரை அவன் எழுதாத ஒன்று:

ஃபவுஸ்டினோ படித்தானா?

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அனுமதி என்பதை அழுத்தினேன்.