தெரிந்துகொள்ளுதல்

பன்னங்கண்டித் தகரக் கோவிலில்
வவுனியாப் போதகர் ஒரே சொல்லை வைத்து
ஒரு மணித்தியாலம் பேசினார்:
தெரிந்துகொள்ளுதல்.
உலகம் உண்டாகுமுன்னே, பெயர் பெயராய்.

நான் சபைச் செயலாளர்.
எனக்குப் பட்டியல்கள் பழக்கம்.
கூப்பன், வீட்டுத்திட்டம்,
முட்கம்பிக்கு உள்ளே நின்று காது கொடுத்த
முதல் விடுதலைப் பட்டியல்.
எல்லாவற்றிலும் என் பெயர் இருந்தது.
அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்,
பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்க.

கடைசி வாங்கில் இராக்காயி.
எழுபத்தேழில் மலையிலிருந்து வந்த குடும்பம்.
காணிக்கு உறுதி இல்லை, ஞானஸ்நானமும் இல்லை.
கோவிலைக் கூட்டுவாள்.
பந்திக்கு நாங்கள் எழும்பினால்
வெளியே போய்ச் செருப்புகளை அடுக்குவாள்.

ஆராதனை முடிய
மோட்டார் சைக்கிளை மறித்துக் கேட்டாள்:
"தெரிஞ்சுக்கிட்டாருன்னு சொன்னீங்களே ஐயா,
எங்க முத்தழகு எங்கன்னு
அவருக்குத் தெரியுமில்ல?
தெரிஞ்சா சொல்லட்டுமே."

போதகர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.
கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.
திரும்பப் போட்டுக்கொண்டார்.

பதிவேட்டை அலுமாரியில் பூட்டிவிட்டு
கடைசியாய் வந்தேன்.
உள்ளே பார்க்கக் கழற்றிய என் செருப்பை
வீதியைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

அவள் படத்தோடு போய் உட்காரும்
கண்டி வீதிப் பந்தல்
நடந்தால் தூரமில்லை.
இத்தனை வருஷம்
அதைத் தெரிந்துகொள்ளவில்லை நான்.