ஓரமாக

செருப்பை அடிவாரத்திலேயே கழற்றச் சொன்னார்கள்.
டிக்ரேயின் பாறை மதியம் சுட்டது.
கீழே டெஃப் வயல்
காயப்போட்ட கைக்குட்டை அளவு.

என் இடுப்பில் கயிறு.
கால் பதிக்கும் குழிகளை
எத்தனை நூற்றாண்டுக் குதிகால்கள் தேய்த்தன,
எண்ணினால் விழுந்துவிடுவேன்.

மேலிருந்து இறங்கினாள் லெத்தெகிதான்.
முதுகில் நாற்பது நாள் மகன்,
ஞானஸ்நானத் தண்ணீர் காயாத தலை.
அவளுக்குக் கயிறு இல்லை.
"கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்பதுபோல் ஏதோ சொன்னாள்,
பேருந்தில் இறங்குகிறவள் மாதிரி.

குகைக் கோயிலின் கூரை முழுக்க
கண் அகன்ற அப்போஸ்தலர்கள்.
நான் படம் எடுக்கவில்லை.
கைநடுக்கம்தான்;
சாவி வைத்திருந்த பாதிரியார்
பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது
யாரும் எதிரே வரவில்லை.
அந்த இடத்தில்
ஓரமாக நின்றேன்.